மரை கழல மறுக்கும் சென்ஸார்... மல்லுக்கட்டும் அம்பை ஒர்க்‌ஷாப்கள்!

"அண்ணாச்சி, ஒரு சென்ஸார மாத்த இவ்வளவு நேரமா? நாளைக்குக் காலையில திருச்செந்தூர் போணும்லா! பேத்திக்குக் காதுகுத்து வச்சிருக்கு."

"மாத்துறதுக்கு அஞ்சு நிமிசம் போதும். கழட்டத்தான் ஒரு ராத்திரி வேணும். இப்பவே பைப்பப் போட்டு நெம்பச் சொன்னீங்கன்னா நெம்பிருவேன். பொறவு மரை போச்சுன்னா என்னையத் திட்டக் கூடாது, பாத்துக்கிடுங்க."

அம்பாசமுத்திரம் பக்கம் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. காரின் டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். ஸ்கேனரைச் செருகிப் பார்த்தால் ஆக்ஸிஜன் சென்ஸார் என்று காட்டும். உரிமையாளர் புது சென்ஸாரை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். ஆனால், பழையது இடத்தைவிட்டு அசையாது. காருக்கு அடியில் கிடக்கும் அந்த ஒற்றை 'நட்டு'க்காக ஒரு நாள் வேலை நிற்கும்.

சின்ன விஷயம்தானே என்று தோன்றலாம். ஆனால், அதை அவசரத்தில் திருகித் தொலைத்தால் செலவு எங்கே போய் நிற்கும் என்பது அனுபவப்பட்டவர்களுக்குத்தான் தெரியும். சில ஆயிரம் ரூபாயில் முடிய வேண்டிய வேலை, புகைக்குழாயையும் அதோடு ஒட்டியிருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் சேர்த்து மாற்றும் அளவுக்குப் போய்விடும். பல கார்களில் இந்தக் கன்வெர்ட்டரின் விலை பல பத்தாயிரங்கள். பழைய கார் வாங்கி ஓட்டும் நடுத்தரக் குடும்பத்துக்கு அது ஒரு வருடத்துப் பள்ளிக்கூட ஃபீஸ்.

மூக்கு எங்கே இருக்கிறது?

இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாயை நம் ஊரில் மொத்தமாக 'சைலன்ஸர்' என்றே சொல்லிவிடுவோம். உண்மையில் சைலன்ஸர் கடைசியில்தான் வரும். இன்ஜினை ஒட்டி மேனிஃபோல்டு, அடுத்து கேட்டலிடிக் கன்வெர்ட்டர், அதற்குப் பிறகுதான் சத்தத்தை அடக்கும் அந்த உருளை. கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என ஸ்பார்க் பிளக் போன்ற உருவத்தில் வயரோடு திருகப்பட்டிருப்பவைதான் ஆக்ஸிஜன் சென்ஸார்கள்.

முன்னால் இருப்பது காரின் மூக்கு. வெளியேறும் புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறது என்று மோப்பம் பிடித்து இன்ஜினின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோல் கூடிவிட்டால் புகையில் ஆக்ஸிஜன் இருக்காது, சென்ஸார் 0.9 வோல்ட்டுக்குப் பக்கமாகக் காட்டும். காற்று கூடிவிட்டால் 0.1 வோல்ட்டுக்குப் பக்கமாக இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் அடுத்தடுத்து எவ்வளவு பெட்ரோலைத் தெளிப்பது என்று முடிவு செய்கிறது. இப்போதைய பல கார்களில் வரும் 'வைடுபேண்டு' சென்ஸார்கள் இதைவிட நுணுக்கமாக அளக்கும்.

பின்னால் இருக்கும் சென்ஸார் மேற்பார்வையாளர் மாதிரி. கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் முக்கியமான வேலை. அதனால் பின் சென்ஸார் கெட்டால் மைலேஜ் பெரிதாக அடிவாங்காது. முன் சென்ஸார் கெட்டால்தான் பெட்ரோல் கண்டபடி குடிக்கும். புகையில் மூச்சை முட்டும் கார்பன் மோனாக்ஸைடு கூடும். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையும் உருக்கிவிடும்.

சென்ஸாரின் உயிர் அதன் உள்ளே இருக்கும் ஸிர்கோனியா என்ற பீங்கான். இருபுறமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு இருக்கும். 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் இந்தப் பீங்கான் வேலையே செய்யும். அதற்காக உள்ளேயே ஒரு குட்டி ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். சூட்டில் ஸிர்கோனியா மின்சாரம் கடத்தும் என்பதை வைத்து 1890-களின் கடைசியிலேயே விளக்கு செய்தவர் ஜெர்மன் விஞ்ஞானி வால்தர் நெர்ன்ஸ்ட். பிற்பாடு வேதியியல் நோபல் பரிசு பெற்றவர். அதே பீங்கானைக் காரின் புகைக்குழாயில் செருகும் சென்ஸாராக மாற்றியது ஜெர்மனியின் பாஷ் நிறுவனம். 1976-ல் அமெரிக்காவில் விற்பதற்காகத் தயாரான வால்வோ கார்களில்தான் அது முதன்முதலாக வந்தது.

இந்தியாவுக்கு அது தாமதமாகத்தான் வந்தது. காரணம், ஈயம். ஈயம் கலந்த பெட்ரோல் சென்ஸாருக்கும் கன்வெர்ட்டருக்கும் விஷம். 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 4 பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல்தான். 2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்-6 விதிகள் வந்த பிறகு பைக், ஸ்கூட்டர்களுக்கும் இந்த மூக்கு முளைத்துவிட்டது. தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கப் போகும் ஸ்கூட்டரின் குழாயில்கூட ஒரு சென்ஸார் உட்கார்ந்திருக்கிறது.

ஏன் இப்படி இறுகுகிறது?

துரு என்றதும் மழையைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். அம்பைக்கு அது பொருந்தவும் செய்யும். ஆனியில் மேற்கே மலையிலிருந்து சாரல் இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. இரண்டு மழையும் எட்டிப்பார்க்கும் ஊர் இது. ஆனால், குழாயை உள்ளேயிருந்து அரிப்பது வேறு தண்ணீர்.

1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர் உண்டாகிறது! காலையில் காரை ஸ்டார்ட் செய்ததும் சைலன்ஸர் முனையிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிகிறதே, அது இதுதான். நீண்ட தூரம் ஓடினால் குழாய் முழுக்கச் சூடாகி நீராவியாகப் பறந்துவிடும். அம்பையிலிருந்து ஆற்றுப்பாலத்தைத் தாண்டிக் கல்லிடைக்குறிச்சி வரை போய் அப்பளக்கட்டு வாங்கிக்கொண்டு திரும்பினால் குழாய் காயவே காயாது. வாரம் முழுக்க இந்த மாதிரி குட்டிப் பயணம் மட்டுமே போகும் கார், தினமும் சென்னை போய் வரும் காரைவிட வேகமாகத் துருப்பிடிப்பது இதனால்தான். 'நான் காரை எடுக்கிறதே இல்லை, எப்படிக் கெட்டுச்சு?' என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

கூடவே சூடு. இன்ஜின் பக்கத்துக் குழாய் கடுமையான ஓட்டத்தில் 600, 700 டிகிரியைத் தொடும். ராத்திரி நிறுத்தினால் ஊர்க்குளிருக்கு இறங்கும். இப்படி ஆயிரக்கணக்கான முறை விரிந்து சுருங்கியதில், சென்ஸாரின் மரையும் குழாயில் பற்றவைத்திருக்கும் வளையத்தின் மரையும் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. இடையில் ஊறிய துரு சிமென்ட் மாதிரி நிரப்பிக்கொள்ளும். இரும்பு துருவாக மாறும்போது முன்பு இருந்ததைவிடக் கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால், அந்த இறுக்கம் யார் கைவைத்தும் முடுக்கியதல்ல.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட பெருமழை பலருக்கு மறந்திருக்காது. தாமிரபரணி கரைமீறியதில் எத்தனையோ வாகனங்கள் மூழ்கின. வெள்ளத்தில் நின்ற காரைச் செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் சீட்டை முகர்ந்து பார்ப்பார்கள், தரைவிரிப்பைத் தூக்கிப் பார்ப்பார்கள். காரை ஜாக்கியில் ஏற்றிச் சென்ஸாரின் கழுத்தையும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது. கரித்தூள் மாதிரி உதிர்ந்தால் பரவாயில்லை. செதில் செதிலாகப் பெயர்ந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம்.

முதலில் குற்றவாளி யார்?

கழற்றுவதற்கு முன் ஒரு கேள்வி. கெட்டது சென்ஸார்தானா? ஸ்கேனரில் 'பி 0135' என்று வந்தால் உள்ளே இருக்கும் ஹீட்டரின் மின்வழியில் கோளாறு. அது ஃபியூஸாகவும் இருக்கலாம், எலி கடித்த வயராகவும் இருக்கலாம். வயலை ஒட்டிய வீடுகளில் எலி கடித்த வயர் சாதாரணம். 'பி 0420' என்று வந்தால் கன்வெர்ட்டரின் திறன் குறைந்திருக்கிறது என்று பின் சென்ஸார் புகார் சொல்கிறது. புகார் சொன்னவரை மாற்றிவிட்டால் பிரச்னை தீர்ந்துவிடுமா? புகைக்குழாயில் சின்ன ஓட்டை இருந்து வெளிக்காற்று உள்ளே போனாலும் சென்ஸார் தப்பாகத்தான் காட்டும். எண் வந்ததுமே சென்ஸாரை மாற்றச் சொல்கிற கடைக்காரரிடம், 'வயரைப் பார்த்தீங்களா?' என்று ஒரு வார்த்தை கேட்பதில் தப்பில்லை. வீணாக ஒரு நல்ல சென்ஸாரைப் பிடுங்கி மரையையும் கெடுத்துக்கொள்வதைவிட அது மேல்.

ராத்திரி எண்ணெய், காலையில் சூடு

இனி கழற்றும் வேலை. சமதளத்தில் காரை நிறுத்தி, சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கிய பிறகு ஸ்டாண்டு வைத்துத்தான் அடியில் போக வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் தலையைக் கொடுப்பது விளையாட்டு அல்ல. நெம்புகோல் போட்டு இழுக்கும்போது கார் ஆடும். ஜாக்கி சரிந்தால் தப்பிக்க நேரமே இருக்காது. வீட்டில் தானே செய்துபார்க்கலாம் என்று வீடியோ பார்த்துவிட்டு இறங்குகிறவர்கள் இதில் மட்டும் சமரசம் செய்யக் கூடாது.

குழாய் முழுக்க ஆறிய பிறகு, சென்ஸாரின் அடிக்கழுத்தில் துருவிளக்கும் ஸ்பிரேயை அடிக்க வேண்டும். சூடான குழாயில் அடித்தால் புகையும், தீப்பிடிக்கவும் கூடும். அந்தக் காலத்து மேஸ்திரிகள் மண்ணெண்ணெய் ஊற்றி வைப்பார்கள். தத்துவம் ஒன்றுதான். மெல்லிய எண்ணெய் துருவின் இடுக்கில் தானாகவே ஏறும். அதற்கு நேரம் வேண்டும். சாயங்காலம் ஒருமுறை, படுக்கப் போகும்முன் ஒருமுறை அடித்துவிட்டு ஊறவிட்டால், பாதி வேலையை எண்ணெயே பார்த்துக்கொள்ளும். மேஸ்திரி கேட்கிற 'ஒரு ராத்திரி' இதற்காகத்தான்.

காலையில் இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவார்கள். குழாய் சூடாகும்போது உலோகம் விரிந்து, துருவின் பிடி லேசாக விரிசல்விடும். பழுக்கக் காய்ச்சத் தேவையில்லை. கனத்த கையுறை போட்டு வேலை செய்கிற அளவுக்கு வெதுவெதுப்பு போதும். வெறுங்கை பட்டால் தோல் உரிந்துவிடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பெரும்பாலான கார்களில் சென்ஸாரின் தலைக்கு 22-ம் நம்பர் ஸ்பேனர் பொருந்தும். வயர் நுழைவதற்காகப் பக்கவாட்டில் பிளந்த பாக்ஸ் ஸ்பேனர் தனியாகவே கிடைக்கிறது. சாதாரண இறுக்கத்துக்கு அது சரி. துருப்பிடித்த சென்ஸாரில் பலம் கொடுத்தால் அந்தப் பிளவு விரிந்து, தலையின் ஆறு மூலைகளையும் மழித்துவிடும். மூலை மழிந்த சென்ஸாரைப் பிடிக்க அப்புறம் எதுவுமே நிற்காது. எப்படியும் தூக்கிப்போடப்போகிற சென்ஸார்தானே? வயரை ஒட்ட வெட்டிவிட்டு, முழு வளையமாக இருக்கும் ரிங் ஸ்பேனரையோ, ஆறு மூலை பாக்ஸையோ மாட்டுவதுதான் அனுபவசாலிகளின் வழி. 'வயரை வெட்டிட்டானே!' என்று பக்கத்தில் நிற்பவருக்குப் பதறும். புது சென்ஸாரில் வயரோடுதான் வரும்.

அதற்குப் பிறகு எல்லாம் கைப்பக்குவம். ஸ்பேனரின் பிடியில் நீளமான பைப்பை மாட்டி, நிதானமாக, ஒரே சீராக அழுத்த வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் சென்ஸாரின் கழுத்து முறியும். எடுத்த எடுப்பில் கழற்றும் பக்கம் திருப்பாமல், இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை அசைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. எந்தப் பக்கம் அசைந்தாலும் துருவின் பிடி உடைந்துவிட்டது என்று அர்த்தம். 'டக்' என்று ஒரு சத்தம் வரும். ஒர்க்‌ஷாப்பில் அதுதான் சந்தோஷமான சத்தம்.

அந்தச் சந்தோஷத்தில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். அசைந்துவிட்டதே என்று மளமளவெனத் திருப்பினால், உதிர்ந்த துரு மரைகளுக்கு நடுவே சிக்கி, வளையத்தின் மரையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்துவிடும். கால் சுற்று கழற்றி, எண்ணெய் விட்டு, அரைக்கால் சுற்று திரும்ப முடுக்கி, மறுபடியும் கால் சுற்று. இப்படி முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டித்தான் வெளியே எடுக்க வேண்டும். குழந்தையின் ஆடுகிற பால்பல்லை ஆச்சி எடுப்பாளே, அந்தப் பொறுமை வேண்டும்.

இதற்கும் மசியாவிட்டால் கேஸ் வெல்டிங் நெருப்பு. அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. சென்ஸாரைச் சூடாக்கக் கூடாது. அதைச் சுற்றியிருக்கும் வளையத்தை மட்டும் சூடாக்க வேண்டும். வெளிவளையம் விரிய, உள்ளே இருக்கும் சென்ஸார் அந்த அளவுக்கு விரியாமல் இருக்க, பிடி தளரும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடும் கொல்லர்கள் காலங்காலமாகச் செய்த வேலையும் இதுதான். பட்டாவைச் சூடாக்கி விரித்து மாட்டுவார்கள். இங்கே விரித்துக் கழற்றுகிறார்கள். பெட்ரோல் குழாயும் வயர்களும் பக்கத்தில் ஓடும் இடம் என்பதால் இது வீட்டுவாசலில் செய்கிற வேலை இல்லை. எண்ணெய் ஊறிய இடத்தைத் துடைக்காமல் நெருப்பைக் காட்டவும் கூடாது.

மரை போய்விட்டால்?

சென்ஸார் வந்துவிட்டது, ஆனால் குழாயின் மரை லேசாகச் சிதைந்திருக்கிறது என்றால் பயப்பட வேண்டாம். பெரும்பாலான கார் சென்ஸார்களின் மரை ஒரே அளவு: 18 மில்லிமீட்டர் விட்டம், 1.5 மில்லிமீட்டர் இடைவெளி. அதே அளவு 'டேப்'பை எண்ணெய் விட்டுக் கையால் திருகினால் மரை சுத்தமாகிவிடும். லேத் பட்டறைகளில் இந்த டேப் இருக்கும். மரை முழுக்கப் போய்விட்டாலும், கழுத்து முறிந்து பாதி உள்ளேயே நின்றுவிட்டாலும், குழாயைக் கழற்றிப் பழைய வளையத்தை அறுத்தெடுத்துப் புது வளையம் வைத்து வெல்டிங் செய்யலாம். கன்வெர்ட்டரையே மாற்றச் சொல்வதற்கு முன்னால் இப்படியொரு வழி இருக்கிறது என்பது பல உரிமையாளர்களுக்குத் தெரிவதில்லை. ஆனால், அந்த வளையம் கன்வெர்ட்டரின் உடம்பிலேயே இருந்தால் கைதேர்ந்த வெல்டர் வேண்டும். உள்ளே இருப்பது தேன்கூடு மாதிரி மெல்லிய பீங்கான். அதில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பார்கள். அதிர்ச்சி பட்டால் நொறுங்கிவிடும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று சிலர் குறுக்குவழி தேடுவார்கள். சென்ஸாரைப் பிடுங்கிவிட்டு போல்ட்டை வைத்து அடைப்பது, பின் சென்ஸாரை ஏமாற்ற இடையில் ஒரு குழாயை மாட்டி நகர்த்தி வைப்பது, விளக்கின் பல்பையே கழற்றிவிடுவது என இதில் பல ரகம். விளக்கு அணையும், உண்மைதான். பெட்ரோல் குடிப்பது நிற்காது; புகைச் சோதனையில் மாட்டினால் அபராதம். பாபநாசத்துக்கு மேலே காடு தொடங்கும் இடம் களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகம். அந்த மலைப்பாதையில் இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறும் காரின் புகை யார் மூக்குக்குப் போகிறது என்பதையும் யோசிக்கலாம். பின் சீட்டில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் வீட்டுக் குழந்தைகள்தான்.

புதுசை மாட்டும்போது

அடுத்த முறை இதே பாடு வேண்டாம் என்றால் மாட்டும்போதே கவனம் வேண்டும். மரையில் 'ஆன்ட்டி சீஸ்' என்ற பசையைத் தடவ வேண்டும். செம்பு அல்லது நிக்கல் தூள் கலந்த இந்தப் பசை, எவ்வளவு சூட்டிலும் மரைகள் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். பல புது சென்ஸார்களில் கம்பெனியிலேயே தடவித்தான் அனுப்புகிறார்கள்; அப்படியென்றால் மறுபடி பூச வேண்டியதில்லை. ஓட்டைகள் உள்ள முனையில் மட்டும் பசை, எண்ணெய், கைவிரல் எதுவும் படக் கூடாது. கிரீஸைத் தடவினால் போதாதா என்று கேட்கக் கூடாது; அந்தச் சூட்டில் கிரீஸ் கருகிக் கரியாகி இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சிலிகான் பேஸ்ட்டை அருகிலேயே கொண்டுபோக வேண்டாம். அதன் ஆவி சென்ஸாரின் மோப்ப சக்தியைக் கெடுத்துவிடும்.

முதலில் கையால்தான் திருக வேண்டும். கோணலாக ஏறினால் புது மரையும் போச்சு. ஸ்பேனரால் எவ்வளவு முடுக்குவது என்பதை அந்தந்தக் காரின் மேனுவல் சொல்லும். பொதுவாக 40 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். 'நல்லா இறுக்கு' என்று காலால் மிதிக்கிற வேலை வேண்டாம். கீழே விழுந்த சென்ஸாரை மாட்டவும் வேண்டாம். வெளியே கீறல்கூட இருக்காது. உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருக்கும்.

மாட்டியதும் ஸ்டார்ட் செய்தால் குழாயிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பும். ராத்திரி ஊற்றிய எண்ணெய் எரிகிறது. சில நிமிடங்களில் நின்றுவிடும். ஸ்கேனரில் பழைய எண்ணை அழித்துவிட்டு, கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கச் சொல்வார்கள். அம்பையில் இதற்கென்றே வசதியான பாதை உண்டு. விக்கிரமசிங்கபுரம் வழியாகப் பாபநாசம் வரை போய், தலையில் ரெண்டு சொம்பு தண்ணீரை ஊற்றிக்கொண்டு திரும்பி வரலாம். அதற்குள் குழாய் நன்றாகக் காய்ந்து, சென்ஸாரும் சூடேறி, கம்ப்யூட்டரும் கணக்கைப் பார்த்து முடித்திருக்கும்.

விளக்கு எரியவில்லை என்றால் மறுநாள் விடியற்காலையில் திருச்செந்தூருக்குக் கிளம்ப வேண்டியதுதான். தாத்தா கடைசியாக ஒருமுறை டேஷ்போர்டைக் குனிந்து பார்ப்பார். மேஸ்திரி, கழற்றிய பழைய சென்ஸாரைத் துணியில் சுற்றி அவர் கையில் கொடுப்பார்.

"இத வச்சு என்னய்யா செய்ய?"

"மாத்தினேன்னு நம்பணும்லா, அதுக்குத்தான்!"